முத்திரை வரிசை

கண்ணாடிச் சட்டம் அண்ணாச்சி, அதனால்தான் மேலே லக்கேஜோடு வைக்கவில்லை. மடியிலேயே இருக்கட்டும். சட்டத்தின் முனை உங்கள் முழங்காலில் இடித்தால் சொல்லுங்கள், திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

நீங்களும் கீழச்செவக்காடுதானா? கண்டக்டரிடம் நீங்கள் ஊர் பேர் சொன்னபோது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் விழுந்தது.

அண்ணாச்சி என்று கூப்பிடலாம் அல்லவா? எங்கள் தர்மபுரிப் பக்கம் அண்ணா என்றுதான் சொல்வோம். உங்கள் ஊர்க்காரன் ஒருத்தன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "எங்கூருக்கு வந்தா அண்ணாச்சின்னு சொல்லு லே. தண்ணி கேட்டா மோரு கெடைக்கும்" என்பான். இசக்கிராஜ். மில் வாட்ச்மேனாக இருந்த பேச்சிமுத்துவின் மூத்த மகன். தெரியுமா?

தெரியுமா. நல்லது.

ஊரில் அவனை என்ன சொல்கிறார்கள்? பரவாயில்லை, சொல்லுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

ஆமாம். 'கோயிலக் கொளுத்துனவன்.' அவனே போனில் சிரித்துக்கொண்டு சொன்னான். தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி கேட்டாராம், "ஏலே, உன்னைய நம்பி மருந்து ரூமுல விடலாமா, இல்ல இதையும் ஜப்பான் ஆக்கிருவியா" என்று. எல்லாரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்தானாம்.

அவன் கோயிலைக் கொளுத்தவில்லை அண்ணாச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மரப்படியின் ஓரம் கறுத்தது. நீளம் பதினொரு சென்டிமீட்டர், அகலம் ஏழு. போலீஸ்காரர் டேப் வைத்து அளந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். என் உள்ளங்கையைவிடச் சின்னது.

இன்றைக்கு அவன் அப்பாவுக்குத் தலைத் திவசம். அதற்குத்தான் போகிறேன். அவன் கூப்பிட்டான். அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு வருஷமாகச் சொல்லவில்லை. இந்தப் பஸ் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டால், அங்கே வாய் வரும் என்று நினைக்கிறேன். கேட்கிறீர்களா? தூக்கம் வந்தால் தூங்குங்கள்.

நான் சென்றாயன். பி.இ. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது, இப்போதும் பைலில் வைத்திருக்கிறேன். இசக்கி அதைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏலே முதல் பட்டதாரி, சாப்பிட வா." "முதல் பட்டதாரி குளிச்சாச்சா?" அவன் டிப்ளமா. ஆனால் கை வேலையில் நான் அவன் பக்கத்தில் நிற்க முடியாது. எந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்மானம் என்று சொல்வான். படிப்பது எழுதுவதுதான் என் பக்கம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கள் கம்பெனி. கார் பாகங்கள். ஆறு மாதப் பயிற்சிக்கு எங்கள் இரண்டு பேரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஒரே அறை. ஜப்பான் மொழிப் பரீட்சை இரண்டு பேரும் எழுதினோம், நான் பாஸ் ஆனேன். அதனால் அங்கே அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். கடையில், ரயிலில், தொழிற்சாலையில், எல்லா இடத்திலும். "எனக்கு இந்த ஊர்ல வாயே நீதாம்லே" என்பான். அவன் சும்மா சொல்வதுதான். எனக்குப் பயமாக இருக்கும். தவறாகச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வேன்.

நவம்பர் முதல் வாரம். வேலை நேரத்தில் அவனுக்குப் போன் வந்தது. அப்பா போய்விட்டார். காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் உடனே ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். பயிற்சிக்கு நடுவில் நாட்டை விட்டுப் போனால் பயிற்சி முறிந்ததாகக் கொள்ளப்படும் என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. அதை அவனுக்குக் காட்டினேன். அவன் பார்த்தான். "மொரிதாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் லே" என்றான். மொரிதா எங்கள் மேற்பார்வையாளர். "மூணு நாளுதான். போயிட்டு வந்துருதேன்."

கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? எழுத்தில் இருப்பதை எதற்குக் கேட்பது அண்ணாச்சி? கேட்டால், இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு விதி படிக்கத் தெரியாது என்று நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியது. நான் கேட்கவில்லை. கேட்டேன் என்று அவனிடம் சொல்லவும் இல்லை. பதினோராம் பக்கத்தைத்தான் மறுபடி காட்டினேன்.

தம்பி கொள்ளி வைத்ததை அவன் போனில் பார்த்தான். நீங்களும் அன்றைக்கு அங்கே இருந்தீர்களா? சுடுகாட்டில் சிக்னல் சரியில்லை போல. நின்று நின்று வந்தது. தம்பி குனிந்தபோது படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். இசக்கி போனைக் கவிழ்த்து வைத்தான். "எங்கப்பாவுக்கு நான் நெருப்பு வைக்கல" என்றான்.

"தம்பிதான் வச்சுட்டானே" என்றேன். இருந்ததைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தான். ஒரு பாகத்தில்கூடக் குறை வரவில்லை.

இனி கியோட்டோ. பழைய ராஜதானி அண்ணாச்சி. தெருவுக்குத் தெரு கோயில், கோயிலுக்குக் கோயில் தோட்டம். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தேன். ஆறு கோயில், இரண்டு தோட்டம், ஒரு கோட்டை. எந்தப் பஸ், எத்தனை நிமிஷம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே படம் எடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். இலையெல்லாம் சிவக்கிற காலம். உலகமே அங்கே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்ந்தெடுத்தேன். அது அவன் அப்பாவின் பதினாறாம் நாள் என்று எனக்குத் தெரியாது. முந்தின சாயங்காலம் அவன்தான் சொன்னான்.

"நானும் வாரேன் லே. அம்புட்டு கோயிலு இருக்குன்னு சொல்லுத. ஏதாவது ஒண்ணுல ஒரு சூடம் பொருத்திட்டு வந்துருதேன். உன்கிட்ட சூடம் இருக்கா?"

இருந்தது. என்னிடம்தான் இருந்தது. எங்கம்மா வைத்தது. ஊறுகாய்ப் பொட்டலத்துக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் துணி, அதற்குள் கற்பூரம். விமானத்தில் அதைக் கொண்டு போகக் கூடாது, தெரியுமா? எனக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியாது. அங்கே போய்ப் பெட்டியைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். யாராவது பிடித்திருந்தால்? மூன்று மாதமாக அலமாரியின் பின்பக்கம் ஒளித்து வைத்திருந்தேன். குப்பையில் போடவும் பயம். அங்கே குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும், கற்பூரம் எந்த வகை என்று தெரியவில்லை. அவன் கேட்டதும் முழுப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டேன். பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

காலையிலேயே ரயில் ஏறினோம். அவன் குளித்து, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை. ரயிலில் ரெண்டு பேர் பார்த்தார்கள். அழித்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அந்த ஊரில் ஒன்று பார்த்தோம். வீட்டு வாசல்களில் சிவப்பு வாளி வைத்திருக்கிறார்கள், தண்ணீரோடு. "வாசல் தெளிக்கவா?" என்றான் இசக்கி. நான் படித்திருந்தேன். தீப்பிடித்தால் ஊற்ற. எல்லாம் மர வீடு, மரக் கோயில். ஐந்நூறு வருஷம், எண்ணூறு வருஷம் என்று இருக்கிறவை. நெருப்பென்றால் அந்த ஊருக்கே பயம். அதையும் அவனிடம் சொன்னேன். சொன்னேன் அண்ணாச்சி, அதில் சந்தேகமே இல்லை. "அப்ப நல்லாக் கேட்டுட்டே பொருத்துவோம்" என்றான்.

முதல் மூன்று கோயிலில் கூட்டம். நகரவே முடியவில்லை. அவன் ஒவ்வொன்றிலும், "இதுல கேக்கியா?" என்பான். நான், "அடுத்ததுல கேட்கலாம், அது அமைதியா இருக்கும்" என்பேன். கட்டத்தில் அப்படித்தான் போட்டிருந்தேன். நான்காவது கோயில் மலையடிவாரத்தில், கொஞ்சம் ஒதுக்கமாக. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் யாரிடமாவது சொல்வீர்கள், அவர்கள் போனில் தேடுவார்கள். எதற்கு?

அங்கே தோட்டம் முழுக்கப் பாசி. நம் ஊரில் வழுக்கும் என்று தேய்த்துத் தள்ளுவோமே, அந்தப் பாசிதான். அங்கே அதை வளர்க்கிறார்கள். தலையில் துணி கட்டின மூன்று பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாசிக்கு நடுவில் முளைத்த புல்லைச் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

"உங்கம்மா செய்யுத வேலதாம்லே" என்றான்.

எங்கம்மா களையெடுக்கப் போவார். அதை அவனிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். சுற்றி யாருக்கும் தமிழ் தெரியாது. இருந்தாலும், "மெதுவாப் பேசு" என்றேன்.

பிறகு அவன் சொன்னான், "இங்கதாம்லே. இங்க கேளு." முன்மண்டபத்துக்கு முன்னால் பெரிய வெண்கலச் சட்டி. அதில் சாம்பல் நிரப்பி வைத்திருந்தார்கள், வருகிறவர்கள் ஊதுபத்தி குத்த. "அதுல ஒரு ஓரமா வச்சுக்கிடட்டான்னு கேளு. எங்கப்பாவுக்குப் பதினாறுன்னு சொல்லு. ஒத்த சூடம். கரைஞ்சு போயிரும்."

பக்கவாட்டில் ஒரு ஜன்னல். அங்கே முத்திரை கொடுக்கிறார்கள். அந்த ஊர் வழக்கம் அது. கோயிலுக்கு வந்ததற்கு அடையாளமாக ஒரு தாளில் சிவப்பு முத்திரை குத்தி, அதன்மேல் தூரிகையால் கோயில் பேரும் அன்றைய தேதியும் எழுதித் தருவார்கள். கேட்பதென்றால் அந்த ஜன்னலில்தான் கேட்க வேண்டும். வரிசையில் நின்றேன். இசக்கி தோட்டத்துப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு முன்னால் பதினைந்து பேர் இருப்பார்கள். நான் வாக்கியத்தைத் தயார் செய்தேன். என் நண்பனின் தகப்பனார் இறந்து பதினாறாம் நாள், எங்கள் வழக்கப்படி ஒரு சிறிய நெருப்பு. 'பதினாறாம் நாள்' என்பதற்கு அவர்களிடம் வார்த்தை உண்டா என்று யோசித்தேன். 'நெருப்பு' என்று சொன்னால் பயந்துவிடுவார்களா. கற்பூரத்துக்கு என்ன சொல்வது. வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருத்தரும் முத்திரை நோட்டுப் புத்தகத்தை நீட்டி, குனிந்து வணங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பின்னால் ஒரு அம்மா, அவருக்குப் பின்னால் இருபது பேர். ஜன்னலில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு முத்திரை" என்றேன்.

வாய் அப்படித்தான் வந்தது. அவள் எழுதினாள். நான் வணங்கி வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது தாளின் மை காயவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். இசக்கி என் முகத்தைப் பார்த்தான். "என்ன லே, கூடாதுன்னுட்டாங்களா?"

"நேரமாகுது" என்றேன். நேரம் ஆகிக்கொண்டுதான் இருந்தது. மூன்றேகாலுக்கு அடுத்த கோயில்.

"சரி, விடு" என்றான். "அவங்க கோயிலு, அவங்க சட்டம்." பிறகு, "நீ எனக்காக அம்புட்டு நேரம் நின்னியே" என்றான்.

கழிவறைக்குப் போய்வருகிறேன் என்று போனான். நான் முத்திரையைக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் ஒன்று கேட்கலாம், கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என நினைத்தவன் ஏன் போய்ப் பொருத்தினான் என்று. அதை நானும் யோசித்தேன். நம் ஊரில் வாட்ச்மேன் கூடாதென்பான், நாம் பின்பக்கம் போய்ப் பொருத்திவிட்டு வருவோம், சாமி ஒன்றும் சொல்லாது. அந்தப் பழக்கம். அப்புறம் அன்றைக்கு விட்டால் பதினாறாம் நாள் இன்னொரு தடவை வராதே.

மண்டபத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு சன்னிதி. மரப்படி, படிக்குக் கீழே கல். கல்லின்மேல்தான் வைத்திருக்கிறான். ஒன்று இல்லை, மூன்று கட்டி. காற்று நெருப்பைப் படிப்பக்கம் சாய்த்திருக்கிறது. அவன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தானாம், பார்க்கவில்லை. மணி அடித்தது. கோயில் மணி இல்லை, அபாய மணி. மரத்துக்கு மேலே எங்கேயோ நெருப்பைப் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் அணைப்பான்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. படி, கல், பாசி, இசக்கியின் கால், எல்லாம் வெள்ளைப் பொடி. அந்த மூன்று பெண்களும் வந்து நின்று பாசியைப் பார்த்தார்கள். திட்டவில்லை. ஒருத்தி உட்கார்ந்து பொடியைக் கையால் வாரத் தொடங்கினாள். இசக்கியும் உட்கார்ந்து வாரினான். அவனைத் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிப் போனார்கள்.

போலீஸ் சாவடியில் டீ கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஒரு இளவட்டப் போலீஸ்காரர் கேட்க, பெரியவர் ஒருத்தர் எழுதினார். கோயிலிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார், மொட்டைத் தலை, நீல வேலை உடுப்பு. அந்தக் கோயிலின் சாமியாரே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. நான் நடுவில். மொழிபெயர்க்கிறவன்.

நெருப்பு வைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். இசக்கியிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "நான் ஊர்ல இருந்து கொண்டுவந்தேன்னு சொல்லு லே" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். மொழிபெயர்க்கிறவன் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது அல்லவா?

கூடாதென்று தெரியுமா என்று கேட்டார்கள். "தெரியும். இவன் எனக்காகப் போயிக் கேட்டான். கூடாதுன்னுட்டாங்க. நான்தான் மனசு கேக்காம வச்சுட்டேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது." அதையும் அப்படியே சொன்னேன். 'இவன்' என்ற இடத்தில் 'என் நண்பன்' என்று போட்டேன்.

போலீஸ்காரர் கோயிலுக்குப் போன் செய்தார். ஜன்னலில் இருந்த பெண்ணிடம் கேட்டார்கள். அப்படி யாரும் வந்து கேட்கவே இல்லை என்றாள். அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் கேட்டீர்களா?"

இசக்கிக்கு என்ன பேசுகிறோம் என்று புரியவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் முத்திரை வாங்க வரிசையில் நின்றேன்" என்றேன்.

அது உண்மை. தாளைக்கூடக் காட்டினேன். தேதி போட்டிருந்தது. பெரியவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து எனக்கே படித்துக் காட்டினார். அனுமதி கேட்டு மறுக்கப்பட்டதாக அவர் கூறியது உண்மை அல்ல என்று இருந்தது. 'அவர்' என்றால் இசக்கி. நான் திருத்தவில்லை. அந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

"என்ன லே கேட்டாங்க?" என்றான் இசக்கி.

"எங்கே நின்னோம்னு கேட்டாங்க" என்றேன்.

அப்போதுதான் அந்த மொட்டைத் தலைச் சாமியார் பேசினார். இசக்கியைப் பார்த்துத்தான் பேசினார். கேட்டிருந்தால் முன்னால் இருக்கும் சாம்பல் சட்டியில் வைக்கச் சொல்லியிருப்பேன், தகப்பனாருக்கு நானே ஒரு மந்திரம் ஓதியிருப்பேன் என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார், நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று.

அது கேள்வி இல்லையே அண்ணாச்சி. கேள்விகளைத்தான் மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"என்ன சொல்லுதாரு?"

"உங்கப்பாவுக்கு வருத்தம் தெரிவிக்கிறார்" என்றேன். வருத்தமாகத்தான் இருந்தார். முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இசக்கி எழுந்து அவர் காலில் விழுந்தான். நெடுஞ்சாண்கிடையாக. போலீஸ்காரர்கள் பதறிவிட்டார்கள். சாமியாரும் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். நான் மட்டும் நாற்காலியில் இருந்தேன்.

கோயில் வழக்குப் போடவில்லை. ஆனால் தகவல் தொழிற்சாலைக்குப் போயிற்று. மறுநாள் மொரிதா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கோபப்படவில்லை. நெருப்பு வைத்தது துக்கத்தில் செய்த தவறு, அதை மன்னிக்கலாம். ஆனால் போலீஸிடம் பொய் சொன்னவரை எந்திரத்தின் பக்கத்தில் நிறுத்த முடியாது, எந்திரத்தில் பொய் சொன்னால் கை போய்விடும் என்றார். அதை நான் அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

என்ன சொன்னேன் என்றா? "நெருப்பு விஷயத்துக்காக அனுப்புறாங்க" என்றேன். நெருப்பு விஷயம்தானே அண்ணாச்சி எல்லாம். நெருப்பு இல்லையென்றால் மற்றது எதுவும் வந்திருக்காதே.

பிறகு மொரிதா எனக்குக் கை கொடுத்தார். நண்பனாக இருந்தும் உண்மையைச் சொன்னீர்கள் என்றார். பயிற்சி முடிவில் எனக்குக் கொடுத்த சான்றிதழில் 'நேர்மை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறது. இரண்டு சான்றிதழும் ஒரே பைலில்தான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் அவனை விமானத்தில் ஏற்றினேன். இங்கே கம்பெனியிலும் எடுத்துவிட்டார்கள். அவன் தங்கை கல்யாணப் பேச்சு நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஜப்பானுக்குப் போய் ஜெயிலுக்குப் போனவன் வீடு என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஜெயிலுக்குப் போகவே இல்லை. ஒரு டீ குடித்தோம், அவ்வளவுதான். நீங்களாவது ஊரில் அதைச் சொல்லுங்கள்.

ஏர்போர்ட்டில் என்ன சொன்னான் தெரியுமா? "நீ இல்லேன்னா என்னைய உள்ள வச்சிருப்பாங்க லே. உங்கம்மா சூடத்த நான் சொல்லல பாத்தியா, முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுல கறை படக் கூடாது." சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டான்.

எங்கம்மா இன்னமும் கேட்பார், "நான் வச்ச கற்பூரத்த அங்க ஏத்துனியா சாமி?" என்று. ஏத்தியாச்சு என்று சொல்வேன்.

இது அந்தத் தாள்தான் அண்ணாச்சி. மடியில் வைத்திருக்கிறேனே. போன மாதம் போன் செய்தான். "அந்தக் கோயிலு பேரும் அந்தத் தேதியும் எழுதுன தாளு உன்கிட்ட இருக்குல்ல? எங்கப்பா பதினாறு அன்னைக்கு நான் சும்மா இருக்கலன்னு அது ஒண்ணுதாம்லே சாட்சி. திவசத்துக்கு வரும்போது கொண்டா. அப்பா போட்டோ பக்கத்துல மாட்டணும்." சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். நல்ல கண்ணாடி, வெயிலில் மை வெளுக்காது என்றார் கடைக்காரர்.

அவன் இதைத் தினமும் பார்ப்பான். விளக்கேற்றும்போது பார்ப்பான். நான் அவனுக்காக நின்ற வரிசை என்று நினைத்துக்கொண்டு பார்ப்பான். அதனால்தான் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். 'இசக்கி, நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை.' ஐந்தே வார்த்தைதான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்?

நான் எங்கே பொய் சொன்னேன், சொல்லுங்கள். நீங்கள் இவ்வளவு நேரம் கேட்டீர்களே. ஒரு இடம் காட்டுங்கள்.

அது என்ன, வேப்ப மரமும் தண்ணீர்த் தொட்டியும் தெரிகிறதே. இதுதான் நிறுத்தமா? அதற்குள்ளாகவா? முக்கால் மணி நேரம் என்றார்களே.

வெள்ளைச் சட்டையில் நிற்பது அவன்தான். மெலிந்துவிட்டான். நெற்றியில் திருநீறு பாருங்கள். என்னைக் கூட்டிப் போக வந்திருக்கிறான். முன்வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கமாக நில்லுங்கள். ஜன்னல் மறைகிற மாதிரி.

டிக்கெட்டா? என் டிக்கெட் இதைத் தாண்டி, புதூர் வரைக்கும் எடுத்தது. நீங்கள் அப்போதே பார்த்தீர்களா? கீழச்செவக்காட்டுக்குத்தான் வந்தேன். நான் சொன்னது பொய் இல்லை. ஒருவேளை இறங்க முடியாமல் போனால் கண்டக்டர் கேட்பாரே என்று முன்கூட்டியே எடுத்து வைத்தேன். நான் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வேன்.

இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கிவிடாமல். அவன் கையில் கொடுத்துவிடுங்கள். யார் கொடுத்தது என்றால் பஸ்ஸில் ஒருத்தன் கொடுத்தான் என்று சொல்லுங்கள், அது உண்மைதான். நான் வந்தேனா என்று கேட்கமாட்டான், வேலை வந்திருக்கும் என்று அவனே நினைத்துக்கொள்வான். மற்றதெல்லாம், இப்போது உங்களிடம் சொன்னேனே, அதெல்லாம்...

இறங்குங்கள் அண்ணாச்சி, கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

அவன் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.